போக்கியம் என்ற சொல்லும் இத்தாலியச் சட்டமும்

அரியலூரிலிருந்து தெற்கே கொள்ளிடக் கரையை நோக்கிச் செல்வோர் ஏலாக்குறிச்சி என்னும் சிற்றூரைக் காண்பர். இதனைத் திருக்காவலூர் எனப் பெயரிட்டுக் கலம்பகம் பாடியவர் வீரமாமுனிவர். இத்தாலி நாட்டில் காஸ்திலியோனே என்ற ஊரில் 1680இல் பிறந்து, தமிழகம் போந்து, தேம்பாவணி இயற்றி, 1732இல் சதுரகராதி தொகுத்து, 1747இல் மறைந்த அப்பெரியாரைப் பற்றி மாணவர்களாகிய நீங்கள் பாடநூல்களிற் படித்திருப்பீர்கள். அவர் எழுப்பிய அடைக்கல மாதா கோயில் அங்கே இன்றும் மக்கள் திரளும் தலமாக விளங்குகிறது. அரியலூரை ஆண்ட மழவராயர் அவருக்கு நிலம் அளித்தார் என்று அப்பகுதியில் வழங்கும் மரபு ஒன்றும் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன்னர் அக்கோயில் முற்றத்தில் அமர்ந்திருந்தபோது எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. 'போக்கியம்' என்ற நம் ஊர்ச் சொல்லை இவர் தம் தாய்மொழியில் எழுத நேர்ந்திருந்தால் எந்தச் சொல்லை எடுத்திருப்பார்? இந்த ஐயம் பொழுதுபோக்காக எழுந்ததன்று. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், அதே சொல்லை ஆங்கிலத்தில் தவறாகப் பெயர்த்து, ஒரு மூதாட்டியின் நிலத்துக்கே நான் உலை வைக்க இருந்தேன்.

அக்காலத்தில் நான் அரியலூரில் ஒரு வழக்கறிஞரிடம் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றி வந்தேன். 1990களின் தொடக்கம் அது. பெரம்பலூரும் அரியலூரும் அப்போது தனி மாவட்டங்கள் ஆகவில்லை. பெரம்பலூர் 1995இலும், அரியலூர் 2001இலும் தனி மாவட்டங்களாயின. அரியலூர் மறு ஆண்டே பெரம்பலூருடன் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007இல் திரும்பவும் பிரிந்தது. எங்கள் மேசைக்கு வரும் பழைய பத்திரங்களிலெல்லாம் 'திருச்சிராப்பள்ளி ஜில்லா, உடையார்பாளையம் தாலுகா' என்றோ, 'பெரம்பலூர் தாலுகா' என்றோதான் இருக்கும்.

இப்பத்திரங்களை ஏன் ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டும் என்று கேட்பீர்கள். கீழ் நீதிமன்றங்களில் தமிழ் வழங்குவதற்கு 1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும், சாட்சியத்தையும் தீர்ப்பையும் குறித்து 1976இல் அதனுடன் சேர்க்கப்பட்ட பிரிவுகளும் வழி செய்தன. உயர் நீதிமன்றத்தின் மொழியோ அரசியலமைப்பின் 348ஆம் உறுப்பின்படி ஆங்கிலம். ஆதலின் ஒரு குடியானவரின் வழக்கு மேல்முறையீட்டில் ஏறும்போது, அவருடைய பத்திரமும் ஆங்கில உடை உடுத்துக்கொண்டே ஏறுகிறது. அந்த உடையைத் தைப்பவன் மொழிபெயர்ப்பாளன்.

பெரம்பலூர் வட்டத்துக் கரிசல் நிலம் மூன்று ஏக்கர். அம்மூதாட்டியின் கணவர் 1950களின் இறுதியில் எண்ணூறு ரூபாய் கடன் வாங்கி, அந்நிலத்தைப் போக்கியத்திற்கு எழுதிக் கொடுத்திருந்தார். கணவர் மறைந்தபின் அம்மாது பணத்தைத் திருப்பிக் கொடுத்து நிலத்தை மீட்க வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றங்களில் வென்றார். எதிர்த்தரப்பினர் உயர் நீதிமன்றம் சென்றனர். பத்திரத்தின் ஆங்கிலப் பெயர்ப்பை நான்தான் எழுதினேன். போக்கியம் என்று வந்த இடத்திலெல்லாம் 'லீஸ்' என்று எழுதினேன்.

இவ்வளவு பெரிய பிழையை எப்படிச் செய்தாய் என்று நீங்கள் வியக்கலாம். நான் சென்னையில் படித்தவன். ஒரு பெருந்தொகையை முன்னதாகக் கொடுத்து, வாடகையின்றி ஒரு வீட்டில் குடியிருந்து, வெளியேறும்போது தொகையைத் திரும்பப் பெறுவதைச் சென்னையில் 'லீசுக்கு எடுத்தல்' என்பர். அதையே எங்கள் பக்கத்தில் போக்கியம் என்பர். எனவே போக்கியம் என்றால் லீஸ் என்று என் மனத்தில் படிந்துவிட்டது. சட்டத்தில் லீஸ் என்பது குத்தகை. பேச்சு வழக்கில் ஆங்கிலச் சொல்லொன்று பொருள் திரிந்து நம்மிடையே உலவுகிறது. அத்திரிந்த பொருளை நம்பி அச்சொல்லை ஆங்கிலப் பத்திரத்திலே எழுதினால் அது தன் பழைய பொருளோடு எழுந்து நின்றுவிடுகிறது.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என் பெயர்ப்பையே கையில் எடுத்துக்கொண்டார். 'இவர்கள் ஆவணமே குத்தகை என்கிறது. நிலத்தை உழுகிறவர் என் கட்சிக்காரர். 1955ஆம் ஆண்டுச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி அவரை வெளியேற்ற இயலாது' என்று வாதிடத் தொடங்கினார். அச்சட்டம் ஏழை உழவரைக் காக்க எழுந்த நல்ல சட்டம். என் ஒரு சொல்லால் அது ஓர் ஏழைக்கு எதிராகத் திரும்பியது.

செய்தி அறிந்ததும் என்னை அம்மூதாட்டியின் ஊருக்கு அனுப்பினார்கள். திண்ணையில் வரகு புடைத்துக்கொண்டிருந்தார். "அம்மா, உங்கள் வீட்டுக்காரர் நிலத்தைக் குத்தகைக்குத்தானே விட்டார்?" என்று கேட்டேன். அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"குத்தகைன்னா அவங்க நமக்கு அளக்கணும் தம்பி. முப்பது வருஷமா ஒரு படி அளந்திருக்காங்களா? நாம்ப வாங்கின கடனுக்கு அவங்க வெள்ளாமை எடுத்துக்கிறாங்க. பணத்தைக் குடுத்தா நெலம் நம்மது" என்றார்.

சொத்து மாற்றச் சட்டம் 1882இல் இயற்றப்பட்டது. அதன் 58ஆம் பிரிவு ஆறு வகை அடைமானங்களைச் சொல்கிறது. அவற்றுள் ஒன்று யூசுபிரக்சுவரி மார்ட்கேஜ். கடன் பெற்றவர் நிலத்தின் சுவாதீனத்தைக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். கடன் தீரும்வரை அவர் அதை வைத்திருக்கலாம். விளைவை வட்டிக்கு ஈடாகவோ, அசலுக்கு ஈடாகவோ, இரண்டிற்கும் பங்கிட்டோ எடுத்துக்கொள்ளலாம். கல்லூரியில் நான் மனப்பாடம் செய்து எழுதிய பிரிவு இது. அம்மூதாட்டி சொன்னதும் இதுவே. அவர் சட்டத்தை அறியாமற் சொன்னார். நான் அறிந்திருந்தும் எழுதவில்லை.

குத்தகைக்கும் போக்கியத்திற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே நன்கு மனத்திற் கொள்ளுங்கள். இரண்டிலும் பிறர் நிலத்தை ஒருவர் உழுகிறார், வெளித்தோற்றம் ஒன்றே. குத்தகையில் உழுபவர் உரியவருக்குக் கடமைப்பட்டவர். போக்கியத்தில் நிலத்துக்கு உரியவரே உழுபவருக்குக் கடமைப்பட்டவர். கடமை எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்தாலன்றி எந்தச் சட்டச் சொல்லையும் பெயர்க்க இயலாது. அகராதி இத்திசையைக் காட்டுவதில்லை.

நிற்க. ஏலாக்குறிச்சியில் எழுந்த ஐயத்திற்கு வருவோம்.

ஊர் திரும்பியபின் இத்தாலிய உரிமையியல் சட்டத் தொகுப்பின் ஆங்கிலப் பெயர்ப்பு ஒன்றைத் தேடிப் படித்தேன். அத்தொகுப்பு 1942இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 1960ஆம் விதி (இது ஆண்டன்று, விதியின் எண்) 'அந்திக்கிரேசி' என்றோர் ஒப்பந்தத்தைச் சொல்கிறது. கடன்பட்டவர் அசையாச் சொத்து ஒன்றைக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைக்கிறார். அவர் அதன் பலனை எடுத்து முதலில் வட்டியிலும், பின்னர் அசலிலும் கழித்துக்கொள்கிறார். படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். இது நம் போக்கியம் அன்றோ! ஒரு வேறுபாடு உண்டு: இத்தாலியச் சட்டம் இதற்குப் பத்தாண்டு உச்சவரம்பு வைத்திருக்கிறது. அம்மூதாட்டியின் நிலம் முப்பதாண்டு கடந்தும் பிறர் கையில் இருந்ததை எண்ணும்போது, அவ்வரம்பை வகுத்தவர்களின் கருத்து எனக்குப் புரிந்தது.

அச்சொல்லின் பிறப்பும் சுவையானது. அது கிரேக்கத்திலிருந்து வந்தது. 'ஈடாகப் பயன்படுத்துதல்' என்பது அதன் பொருள். போக்கியம் வடமொழியிலிருந்து வந்தது. 'துய்த்தற்குரியது' என்பது அதன் பொருள். ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள், வட்டிக்குப் பதிலாக நிலத்தைத் துய்த்தல் என்ற ஒரே நிகழ்ச்சியைக் கண்டு, ஏறத்தாழ ஒரே கருத்தில் பெயர் சூட்டின.

இதனை ஆங்கிலத்தில் பெயர்ப்போர் படும் பாடோ பெரிது. 'ஆன்டிகிரீசிஸ்' என்று ஒலியை மட்டும் எழுதிவிடுகின்றனர் பலர். அதைப் படிக்கும் ஆங்கிலேய வழக்கறிஞருக்கு அது ஒரு நோயின் பெயர்போலத் தோன்றும்! 'மார்ட்கேஜ்' என்று எழுதினாலோ வேறு குழப்பம். இங்கிலாந்தில் 1925ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு முன், மார்ட்கேஜ் என்றால் நிலத்தின் உரிமையையே கடன் கொடுத்தவர் பெயருக்கு மாற்றி எழுதுவதும், கடன் தீர்ந்தபின் திரும்ப எழுதிப் பெறுவதுமாக இருந்தது. இத்தாலியரின் 'இப்போதேக்கா' அப்படிப்பட்டதன்று. அதில் உரிமையும் மாறாது, சுவாதீனமும் மாறாது. கடன் தீராவிடில் சொத்தை விற்று முதலில் தன் பணத்தைப் பெறும் உரிமை மட்டுமே கடன் கொடுத்தவருக்கு உண்டு. நம் சாதாரண அடைமானத்திற்கு அது நெருங்கியது. ஆகவே அந்திக்கிரேசி, இப்போதேக்கா இரண்டையும் மார்ட்கேஜ் என்றே எழுதிவிட்டால், நிலம் யார் கையில் இருக்கிறது என்பதே தெரியாமற் போகும். கனடாவின் கியூபெக் மாநிலத்தார் தம் ஆங்கிலச் சட்டத்தில் 'ஹைபாத்தெக்' என்ற சொல்லை வைத்துக்கொண்டதால், கவனமுள்ள மொழிபெயர்ப்பாளர் சிலர் இப்போதேக்காவுக்கு அதனைக் கடன் வாங்குகின்றனர். எனக்கு அது நல்ல வழியாகவே படுகிறது.

ஆங்கிலத்திற்கு இவ்வறுமை எப்போதும் இருந்ததன்று என்பதையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிளான்வில் என்பார் பெயரால் வழங்கும் ஆங்கில நாட்டுச் சட்ட நூல், நில ஈட்டில் இரு வகை காட்டுகிறது. விளைவு கடனைக் குறைத்தால் அது உயிருள்ள ஈடு. விளைவை எடுத்தும் கடன் குறையாதிருந்தால் அது செத்த ஈடு. 'மார்ட்கேஜ்' என்ற சொல்லுக்கே செத்த ஈடு என்பதுதான் நேர்ப்பொருள். எண்ணூறு ரூபாயில் ஒரு காசும் குறையாமல் முப்பதாண்டு விளைச்சல் போயிற்றே, அந்தக் கரிசல் நிலம் கிளான்வில் கணக்கில் செத்த ஈடுதான். காலப்போக்கில் ஆங்கிலேயர் பொருளை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டனர்.

இன்னும் ஓர் எடுத்துக்காட்டு. இத்தாலியத்தில் 'கோமோதாத்தோ' என்றும் 'மூத்துவோ' என்றும் இரு ஒப்பந்தங்கள் உண்டு. முன்னதில் வாங்கிய பொருளையே திருப்பித் தரவேண்டும். அதற்குக் கூலி இல்லை. பின்னதில் வாங்கியதைச் செலவழித்துவிட்டு, அதே இனத்தில் அதே அளவைத் திருப்பித் தரவேண்டும். ஆங்கிலத்தில் இரண்டும் 'லோன்'தான். வேறுபாடு காட்டவேண்டி, 'பயன்பாட்டுக்கான லோன்' என்றும் 'எளிய லோன்' என்றும் அடைமொழி ஒட்டுகின்றனர். தமிழில் இத்துன்பம் இல்லை. அண்டை வீட்டில் உலக்கை வாங்கினால் இரவல். நெல் வாங்கினால், பணம் வாங்கினால் கடன்; பத்திரமின்றிச் சிலநாள் பொறுப்பில் வாங்கினால் கைமாற்று. வாங்கிய அளவே திருப்பித் தருவதற்குக் குறியெதிர்ப்பை என்ற பழஞ்சொல் இருந்தது. திருக்குறளில் ஈகை அதிகாரத்தின் முதற்பாட்டில் அச்சொல்லைக் காணலாம். அதை ஓர் அணியாக மட்டும் படித்துவிட்டுப் போகாதீர்கள். அது ஒரு சட்டச் சொல்.

எல்லாச் சொல்லும் இவ்வாறு அழகாகப் பொருந்திவிடும் என்று எண்ணவும் வேண்டா. 'கப்பார்ரா' என்ற இத்தாலியச் சொல்லைக் கண்டதும் நம் 'அச்சாரம்' என்று மகிழ்ந்தேன். விலை பேசி முடித்ததற்கு அடையாளமாகக் கைமேல் கொடுக்கும் பணம்தான் இரண்டும். ஆனால் இத்தாலியச் சட்டத்தில், கொடுத்தவர் சொல் தவறினால் அப்பணத்தை இழப்பார். வாங்கியவர் சொல் தவறினால் இரட்டிப்பாகத் தரவேண்டும். நம் நாட்டில் அவ்வாறு தானாகவே இரட்டிக்கும் விதி இல்லை. எனவே அச்சாரம் என்று எழுதிவிட்டு, பக்கத்தில் ஒரு வரி விளக்கமும் எழுதியாக வேண்டும். ஆங்கிலத்தில் 'டெபாசிட்' என்று எழுதுவோர், வீட்டுக்காரரிடம் கொடுத்து வைக்கும் முன்பணத்தோடு இதனைக் கலந்துவிடுகின்றனர். அது பெரும் பிழை.

இத்துறையில் நமக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக் குளத்தூரில் 1826இல் பிறந்த வேதநாயகம் பிள்ளை, முன்சீபு ஆவதற்கு முன் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1805 முதல் 1861 வரை வெளிவந்த உயர்மன்றத் தீர்ப்புகளைச் 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் 1862இல் தமிழில் வெளியிட்டார். பிரதாப முதலியார் சரித்திரத்தின் ஆசிரியராக மட்டும் அவரை நினைக்கிறோம். எனக்கோ அவர் எங்கள் தொழிலின் மூத்த அண்ணன்.

யாழ்ப்பாணத்தின் கதை இன்னும் விந்தையானது. அங்குள்ள தமிழர் வழக்கங்களை 1707இல் டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தம் மொழியில் தொகுத்தார். அதைத் தமிழாக்கிப் பன்னிரண்டு முதலியார்களிடம் காட்டி, சரிதானா என்று கேட்டனர். பின்னர் ஆங்கிலேயர் காலத்தில் அது ஆங்கிலமாயிற்று. தேசவழமை எனப்படும் இச்சட்டத்தில் நம் போக்கியத்தை ஒத்த 'ஒற்றி' வருகிறது. ஆங்கில நீதிமன்றங்கள் அச்சொல்லைப் பெயர்க்க முயலாமல் 'ஒட்டி' என்றே தம் எழுத்தில் எழுதி வழங்கின. மலையாள நாட்டு வழக்குகளிலும் அப்படியே. தோல்வியை ஒப்புக்கொண்டார்கள் என்று சிலர் நகைக்கலாம்; அறிந்தவர்கள் செய்யும் செயல் அது என்பேன் நான்.

அந்த வழியைத்தான் நானும் பின்பற்றினேன். திருத்திய பெயர்ப்பில் லீஸ் என்ற சொல்லை அடித்துவிட்டு, போக்கியம் என்ற சொல்லையே ஆங்கில எழுத்தில் எழுதி, நிலம் யாரிடம், விளைவு யாருக்கு, எதற்கு ஈடாக, எப்போது திரும்பும் என்று நான்கு வரிகளில் கீழே விளக்கினேன். பிழை என்னுடையது என்று ஒரு உறுதிமொழியும் எழுதிக் கையொப்பமிட்டேன். அதை எழுதும்போது கை நடுங்கியது உண்மை. நீதியரசர் தமிழ் மூலத்தை உரக்கப் படிக்கச் சொன்னாராம். படித்து முடித்ததும் குத்தகை வாதம் அத்துடன் நின்றது. ஆயினும் என் பிழையால் வழக்கு ஓராண்டுக்கு மேல் நீண்டது.

'மார்ட்கேஜ்' என்று மட்டும் எழுதியிருந்தால் போதாதா என்று சட்டம் படிக்கும் மாணவர் கேட்கலாம். போதாது. அடைமானத்தை மீட்க 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் முப்பது ஆண்டு கெடு வைக்கிறது. போக்கியத்தில் அக்கெடு பத்திரத்தின் தேதியிலிருந்தே ஓடத் தொடங்காது என்றும், அசல் விளைவினாலோ பணத்தாலோ தீர்ந்த பின்னரே ஓடும் என்றும் உச்ச நீதிமன்றம் சிங் ராம் வழக்கில் 2014இல் தெளிவாக்கியது. எந்த வகை அடைமானம் என்பதைச் சொல்லாத மொழிபெயர்ப்பு, தாத்தா காலத்துப் பத்திரத்தோடு வரும் பேரனை வாயிலிலேயே நிறுத்திவிடக்கூடும்.

தீர்ப்பு வந்தபின் அம்மூதாட்டி பணம் கட்டப் பெரம்பலூர் நீதிமன்றத்திற்கு வந்திருந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த எட்டு நூறு ரூபாய்த் தாள்களை எண்ணி என் கையில் கொடுத்தார். ரசீது எழுதி வாங்கிக் கொடுத்தேன். "இதுல என்ன எழுதியிருக்கு தம்பி, படி" என்றார். படித்தேன். போக்கியம் என்ற சொல் வந்ததும், "இன்னொரு தரம் படி" என்றார்.